உடைந்த கேட்டும் உடையாத கேட்டும்

அந்த கேட்டைப் பதினோரு முறை உடைத்தோம்.

ஒட்டுப்பலகையில் செய்து, இரும்பு மாதிரி கறுப்பு வண்ணம் பூசிய கேட். எங்கள் ஊர் ஆண்களும் பெண்களுமாக நூறு பேர் "திற! திற! கேட்டைத் திற!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் மோத வேண்டும். முன்னால் கதாநாயகன். அவர் தோள் பட்டதும் கேட் சாய வேண்டும். சாயும். உடனே "கட்" என்று ஒரு குரல். ஆசாரிகள் நாலு பேர் ஓடிவந்து அதை நிமிர்த்தி ஆணி அடிப்பார்கள். "ஒன்ஸ் மோர்!" நாங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடியும் கோபப்பட வேண்டும்.

சித்திரையின் முதல் மழை பெய்து காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்த வாரம் அது. பூ வாசம், புது வண்ணத்தின் வாசம், அண்டாவில் வெந்துகொண்டிருந்த பிரியாணியின் வாசம் மூன்றும் கலந்து அடித்தன. இன்றைக்கும் எங்காவது கதவுக்கு வண்ணம் பூசினால் எனக்குப் பசிக்கிறது.

ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு எஸ்டேட் முதலாளி உட்கார்ந்திருந்தார். கேட் விழுந்த ஒவ்வொரு தடவையும் கைதட்டினார். "பரவால்லயே, நல்லாத்தான் கோவம் வருது உங்களுக்கு" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்தப் பலகை கேட்டுக்கு ஐம்பதடி பின்னால் அவருடைய நிஜ கேட் இருந்தது. இரும்பு கேட், பித்தளைப் பூட்டு. பலகை கேட்டை உடைத்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில், டிக்கெட் எடுக்காமல் சேலம் வரை வந்து என்னையே திட்டிவிட்டு இறங்கிப் போன அம்மாளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். கண்டக்டர் வேலையில் அப்படிச் சிரிக்க நிறைய இருந்தது. இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிஜ கேட்

தலைச்சோலையைத் தாண்டி, ஒரு சரிவில் முப்பது நாற்பது வீடுகள். அதுதான் எங்கள் ஊர். ஏற்காடு டவுனுக்குப் போக எஸ்டேட்டின் நடுவே ஒரு தடம் இருந்தது. அரை மணி நேர நடை. எஸ்டேட் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் சாமையும் பலாப்பழமும் சுமந்து நடந்த தடம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு, அன்று நாள் முழுக்கப் பூட்டு. பூட்டிவிட்டால் ஓடையில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி, சுற்றிக்கொண்டு போக மூன்று மணி நேரமாகும்.

அதற்காக ஒரு மனு எழுதினோம். பள்ளிக்கூடத்து வாத்தியார் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அடியில் நாற்பது பேரின் கைரேகை. என் அக்கா ராமாயியின் ரேகையும் அதில் உண்டு. சேலத்தில் பெரிய ஆபீசில் விசாரணைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். மனுவை அன்றைக்கு நேரில் கொடுத்து, தடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ஊரிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபன் என்பதால் என்னைத்தான் அனுப்புவதாக ஏற்பாடு.

விசாரணை நாள், படப்பிடிப்பின் மூன்றாம் நாளாக அமைந்தது.

மகனின் சக்கரம்

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் என் மகன் கோகுல்.

அந்த எஸ்டேட் இப்போது ரிசார்ட். கோகுல் அங்கேதான் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறான். ரிசார்ட் வந்த பிறகு கேட்டுக்கு ஞாயிறு, திங்கள் என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. ஊர்க்காரர்களுக்கு எல்லா நாளும் பூட்டுத்தான். சுற்றுவழியில் இப்போது ஜீப் போகும், மழை பெய்தால் அதுவும் போகாது. என் அக்கா மறுபடியும் ஒரு மனு கொடுத்திருந்தாள், இந்த முறை தாலுகா ஆபீசில், தன் பெயரில்.

ஒரு மத்தியானம் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. கோகுல் செல்போனை வைத்துவிட்டு ஆரம்பித்தான். அவன் பார்க்கிற வீடியோக்களில் யாரோ ஒரு தாடிக்காரர் உலகத்துக்கே ஜாதகம் கணிக்கிறார்.

"நாலு தலைமுறைக்கு ஒருக்கா உலகமே ஒரு சுத்து சுத்தி வருதுங்க அத்தை. மொதோ தலைமுறை கஷ்டத்துல பொறந்து எல்லாத்தையும் கட்டும். ரெண்டாவது அதுல உக்காந்துக்கிட்டு கேள்வி கேக்கும். மூணாவது தம்பாட்டைப் பாத்துக்கிட்டு ஒதுங்கிரும். நாலாவது வாரப்ப எல்லாம் இடிஞ்சு உழுந்துரும். அப்பறம் மறுக்கா மொதல்ல இருந்து."

"நாம எதுல இருக்கறம் சாமி?"

"எங்க செட்டு நாலாவதுங்க. இடியற காலம். நியூசைப் பாருங்க, எந்தப் பக்கம் திரும்புனாலும் சண்டை, வெலவாசி, மழைகூட நேரத்துக்குப் பெய்யறதில்ல. சினிமாவையே பாருங்க, தாத்தா காலத்துல நல்லவன் ஹீரோ, அப்பா காலத்துல போராடறவன் ஹீரோ, இப்ப வெட்டறவன் ஹீரோ. எல்லாம் அந்தச் சக்கரம்தானுங்க. இப்பப் போயி கேட்டைத் தொறன்னா நடக்குங்களா? பொறுத்திருக்கோணும். எம் புள்ளைங்க காலத்துல தானா வரும்."

அக்கா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள்.

"எல்லாமே சுத்துதுங்கற. அப்பறம் அந்த கேட்டு மட்டும் ஏன் கண்ணு அங்கயே நிக்குது?"

கோகுல் சிரித்து மழுப்பினான். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அது கெடக்கட்டும். அந்தக் காலத்துலயே தடம் கேட்டீங்களான்னு ஆபீசுல கேக்கறாங்க தம்பி. நீ குடுத்தயே ஒரு மனு, அதுக்கு ரசீது கிசீது இருக்குதா?"

"எங்கயோ போயிருச்சுக்கா" என்றேன். மோர் ஊற்றிக்கொண்டேன்.

கைதட்டல்

கோகுலின் தத்துவம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. எல்லாம் சக்கரம் செய்கிற வேலை என்றால், என் மேல் தப்பில்லை அல்லவா? அப்படி யாராவது ஒருவர் சொல்ல மாட்டாரா என்று நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவன் நான். அது சொந்த மகன் வாயாலேயே வந்தது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நானும் நிறையப் படம் பார்த்தவன்தான்.

என் அப்பா எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் வேலை பார்த்தவர். மாதம் ஒருமுறை குப்பனூருக்கு இறங்கிப்போய் டென்ட் கொட்டகையில் படம் பார்ப்பார். என்னையும் கூட்டிப்போவார். ஒரு படம் ஞாபகமிருக்கிறது, பெயர் மறந்துவிட்டது. முதலாளி மகன் செய்த குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு வேலைக்காரன் ஜெயிலுக்குப் போகிறான். கடைசியில் முதலாளி அவனைக் கட்டிக்கொண்டு "மகனே" என்கிறார். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தன் முதலாளி முன்னால் வாழ்நாளில் ஒருமுறைகூட உட்காராத மனிதர் அவர். களத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது எங்கள் வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் காலத்தில் கேட்டை உடைப்பவன் கதாநாயகன். சேலத்துத் தியேட்டர்களில் கேட் உடைந்ததும் விசில் பறக்கும், காகிதம் பறக்கும். விசில் அடித்தவர்களில் எத்தனை பேர் ஒரு கேட்டை நிஜமாகத் தொட்டிருப்பார்கள்?

கோகுல் சின்னப் பையனாக இருந்தபோது கதாநாயகன் கம்ப்யூட்டர் படித்து விமானத்தில் பறந்தான். இவன் வாயைப் பிளந்து பார்த்தான். ஓட்டல் படிப்பு முடித்து நம் ஏற்காடு வரைக்கும் பறந்து வந்திருக்கிறான். இப்போது வருகிற படங்களில் கதாநாயகன் கேட்டுக்கு உள்ளே நிற்கிறான். கையில் துப்பாக்கி. வெளியே கத்துகிற கூட்டத்தை அவன் சுட்டுத் தள்ள, வெளியே நிற்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அந்த நடிகர் கட்சி ஆரம்பித்தால் கொடி கட்ட வேனில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு தலைமுறை எதைச் செய்யவில்லையோ, எது அதற்குக் கிடைக்கவில்லையோ, அதைத் திரையில் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. கைதட்டியதும் மனசு ஆறிவிடுகிறது. இதைச் சக்கரம் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதி.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. இருபத்தெட்டு வருடம் அதில் போய் வந்தவன் நான். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே அதே சேலம்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள், ஒரே இடத்தில் சுற்றுகிறோமா என்று கேட்பார்கள். இல்லைங்க, ஏறிக்கிட்டிருக்கோம் என்பேன். பஸ் ஏறுவதும் இறங்குவதும் டிரைவர் கையில் இருக்கிறது. வளைவு எதையும் தீர்மானிப்பதில்லை.

மூன்றாம் நாள்

இரண்டாம் நாள் கேட்டை உடைத்ததில் என் சட்டை முதுகுப் பக்கம் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை. உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் ஆபீசுக்குக் கந்தலோடு போக முடியுமா? சாயங்காலம் அக்கா அதைத் துவைத்து, அடுப்புப் பக்கம் காயவைத்து, தன் பழைய பாவாடையில் மஞ்சள் துண்டு வெட்டி ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம்.

"எச்சா எதுவும் பேசாத. அதிகாரி முன்னால கையக் கட்டிக்கிட்டு, தடம் எங்க பாட்டன் காலத்துதுங்கன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

காலையில் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். கூட்டக் காட்சி முடிந்துவிட்டதால் ஊர் ஆட்கள் பலாப்பழம் பறிக்கவும் களையெடுக்கவும் போய்விட்டார்கள். பஸ்ஸுக்கு முன்னால் படக் கம்பெனியின் வேன் வந்தது. உதவி டைரக்டர் தலையை நீட்டினார்.

"தம்பி, உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன். கரடியூர்ல ஒரு ஷாட். ஹீரோ உன் தோள்ல கை போட்டு டயலாக் பேசறாரு. க்ளோசப். ஒரு மணி நேரத்துல விட்டுடறேன்."

அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கதவைத் திறந்தார், நானாகத்தான் ஏறினேன்.

ஒரு மணி நேரம் சாயங்காலம் வரைக்கும் நீண்டது. மூடுபனி வந்தது, போனது, மறுபடி வந்தது. கதாநாயகன் என் தோளில் கை போட்டு, "இனிமே அந்த கேட்டை எவனும் பூட்ட முடியாது" என்றார். நான் தலையாட்டினேன். என் பையில் மனு இருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது எல்லோரும் காத்திருந்தார்கள். போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அடித்திருப்பார்கள், பிறகு இன்னொரு நாள் இன்னொருவர் போயிருப்பார். நான், "தடம் எஸ்டேட் பட்டாவுல இருக்குதாம். ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அதிகாரி சொல்லிட்டாருங்க" என்றேன். போகாதது ஒரு தப்பு. இது அதைவிடப் பெரிய தப்பு. நான் சொன்ன அந்தப் பொய்யால், அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஊரில் யாரும் கேட்கவே இல்லை.

ஐப்பசி

ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அக்காவுக்கு நாள் நிறையும் முன்பே வலி எடுத்துவிட்டது. மழை. மாமாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கேட் வரை ஓடினோம். பூட்டு. சாவி வைத்திருந்த காவல்காரர் சந்தைக்குப் போயிருந்தார். அரை மணி நேரம் நின்று கத்தினோம். கல்லால் பூட்டை அடித்தேன். என் உள்ளங்கைதான் கிழிந்தது.

ஓடை வழியாகச் சுற்றிப் போனோம். எதிர்ச் சரிவில் ஏறும்போதே குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் உடம்பு சில்லிட்டிருந்தது. அக்கா பிழைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை இல்லை.

தை மாதம் படம் வந்தது. முதல் நாளே சேலத்துக்குப் போய்ப் பார்த்தேன். கேட் உடைந்தது, தியேட்டர் அதிர்ந்தது. பிறகு கரடியூர்க் காட்சி. கதாநாயகன் முகம் திரை முழுக்க. அவர் கை என் தோளில். என் முதுகு மட்டும் தெரிந்தது. முகம் வரவில்லை என்று நிம்மதி. முகம் வரவில்லையே என்று வருத்தமும் வந்தது. வருத்தமும் வந்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணை

போன மாதம் அக்காவின் மனுவுக்கு விசாரணை நாள் வந்தது. கோகுலையும் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு ரிசார்ட்ல ஷூட்டிங்குங்கப்பா. பெரிய ஹீரோ. அம்பது பேரு வேணும்னாங்க, நம்ம பசங்களையெல்லாம் நாந்தான் ஏற்பாடு பண்ணியிருக்கறேன். எனக்கும் ஒரு ஷாட் இருக்குதுங்க. கேட்டு மேல ஏறுவேன், ஹீரோ சுடுவாரு, உழோணும்."

திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது? உள்ளே போய் என் பழைய டிக்கெட் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த மனு இருந்தது. மடிப்பு இற்றுப்போயிருந்தது, நாற்பது ரேகையும் அப்படியே இருந்தன.

தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மனுவை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"அக்கா, நான் அன்னிக்கு சேலம் போகலக்கா."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். ரேகைகளில் தன்னுடையது எது என்று தேடுகிற மாதிரி விரலை ஓட்டினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்ப?"

"படம் வந்தப்பவே. மனசு மாறட்டும்னு உங்க மாமா கூட்டிக்கிட்டுப் போனாரு. கேட்டு ஒடைக்கறப்ப உஞ்சட்டையில ஒட்டு கெடையாது. அந்த ஆளு கை போட்டு நிக்கறப்ப முதுவுல மஞ்ச ஒட்டு இருந்துச்சு. நீ ஆபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போவேன்னு நாந்தானே தெச்சேன்?"

"ஏங்க்கா ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"கேட்டிருந்தா எங்கால்ல உழுந்து அழுதிருப்ப. அழுது முடிச்சிருப்ப. எனக்கு முடியல, உன்னைய மட்டும் எதுக்கு முடிக்க உடோணும்?"

குரலை உயர்த்தாமல், பஸ் நேரம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளம் வயசுப் பெண். மனுவைக் கவனமாகப் பிரித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வருஷமா இது எங்க இருந்துச்சு?"

"எம் பெட்டியிலங்க."

"ஏன் அப்பவே குடுக்கல?"

"ஷூட்டிங் போயிட்டனுங்க."

அவர் சிரித்துவிட்டார், வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். முத்திரை இல்லாத காகிதம் என்றாலும் நகல் எடுத்துக்கொள்வதாகவும், இடத்தை வந்து பார்ப்பதாகவும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

திரும்பி வந்து ரிசார்ட் திருப்பத்தில் இறங்கினோம். கேட்டில் படப்பிடிப்பு என்று பலகை. உள்ளேயிருந்து எங்கள் ஊர்ப் பையன்களின் குரல் கேட்டது. "திற! திற! கேட்டைத் திற!" அப்புறம் பட்டாசு மாதிரி துப்பாக்கிச் சத்தம். அப்புறம் மைக்கில் ஒரு குரல்: "ஒன்ஸ் மோர்!"

செல்போன் அடித்தது. கோகுல். மூச்சிரைக்கப் பேசினான்.

"அப்பா, க்ளோசப் வெச்சாங்கப்பா! நான் சாகறது முகத்தோட நல்லாத் தெரியுதாமுங்க!"

"நொம்ப சந்தோசம் கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்கா கொஞ்ச நேரம் அந்த கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பினாள். இறக்கத்தில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை விலக்கிக்கொண்டு, நான் பிடித்து நடப்பதற்காகக் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.